.315 ரைஃபிள்: டிரிகரில் முதல் இழுப்பு காணாமல் போய்விட்டது, டிரிகரை மாற்றுவதா, சரி செய்வதா?

உசிலைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. இஷாபூர் அரசு ஆலைத் தயாரிப்பு, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு ஆக்‌ஷன். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் முறைப்படி என் பெயருக்கு மாறியிருக்கிறது. பல வருடம் பெட்டியிலேயே கிடந்த துப்பாக்கி.

இந்த ரைஃபிளில் டிரிகர் இரண்டு இழுப்பாக வரவேண்டும். முதலில் லேசாகக் கொஞ்ச தூரம், பிறகு ஒரு தடை, அதையும் தாண்டி இழுத்தால் விழும். இப்போது முதல் இழுப்பே இல்லை. விரலை வைத்ததும் நேரே தடையில் போய் நிற்கிறது, அந்தத் தடையும் சீக்கிரம் விட்டுவிடுகிறது. கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்த்ததில் 1.2 கிலோ காட்டுகிறது. அதைவிடக் கவலை, காலித் துப்பாக்கியில் போல்ட்டை (தோட்டா அறையை மூடும் இரும்புத் தண்டு) வேகமாக அடித்து மூடினால் சில தடவை காக்கிங் பீஸ் (போல்ட்டின் பின்முனையில் இருக்கும் துண்டு) பின்னால் நிற்காமல் போல்ட்டோடு சேர்ந்து முன்னால் போய்விடுகிறது. மெதுவாக மூடினால் நிற்கிறது.

புது டிரிகர் வாங்கிப் போட்டால் சரியாகுமா? கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர், பழைய டிரிகரைக் கொடுத்தால் அதே அளவில் வெட்டித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், டிரிகரின் மேல் பக்கத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் போதும் என்கிறார். எதைச் செய்வது?


பட்டறைக்கல்:

ரெண்டும் வேண்டாம் தம்பி. முதல்ல இந்தத் துப்பாக்கியில தோட்டா போடுறதை நிறுத்துங்க. சரியாகி, சோதிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணுகூடப் போடக்கூடாது. போல்ட்டை மூடி முடிக்கிற நொடியில பிடி நழுவிச்சுன்னா, விரல் படாமலே வெடிக்கும்.

நீங்க சொல்ற ரெண்டு குறையும் டிரிகர்ல தெரியுது, ஆனா டிரிகர்ல பிறந்ததா இருக்கணும்னு அவசியம் இல்ல. லீ என்ஃபீல்டுல டிரிகர் அமைப்பு ஒரே பெட்டிக்குள்ள இல்ல. மூணு துண்டு, மூணு வேற இடத்துல உட்கார்ந்திருக்கு. காக்கிங் பீஸ் போல்ட்டோட பின்பக்கம். அதோட அடியில ரெண்டு காடி வெட்டியிருக்கும்: ஒண்ணு முழுக்காடி, சுடத் தயாரா நிக்கிறதுக்கு, இன்னொண்ணு அரைக்காடி, நழுவினா பிடிச்சுக்கிறதுக்கு. அந்தக் காடியைப் பிடிக்கிறது சியர். அது ‘எல்’ வடிவத்துல இருக்கிற துண்டு, ரிசீவருக்கு, அதாவது போல்ட் ஓடுற இரும்புக் கூட்டுக்கு, அடியில ஒரு அச்சுல ஆடும். மூணாவது டிரிகர். அது ரிசீவர்ல தொங்கல. கீழே இருக்கிற டிரிகர் கார்டுல, அதாவது டிரிகரைச் சுத்தி வளைஞ்சிருக்கிற இரும்புத் தகட்டுல, பின் போட்டு மாட்டியிருக்கும். டிரிகரோட மேல் பக்கத்துல ரெண்டு மேடு இருக்கும். முதல் மேடு சியரைத் தள்ளும்போது வர்றதுதான் உங்க முதல் இழுப்பு. அது முடிஞ்சு ரெண்டாவது மேடு தொடும்போது வர்றதுதான் அந்தத் தடை.

இதுல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் என்னன்னா, சியர் இரும்போட இருக்கு, டிரிகர் கார்டோட இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல மரம் இருக்கு. மரம் அசைஞ்சா மேடு ரெண்டும் சியரைத் தொடுற இடம் மாறிடும். மோசமாப் போச்சுன்னா டிரிகர் சியரை எப்பவும் லேசா அமுக்கிக்கிட்டே இருக்கும். சியர் மூக்கு முழு உயரத்துக்கு எழாது. காடியோட ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். லேசா விழுறதும், வேகமா மூடினா நழுவுறதும் ஒரே காரணத்தால வரலாம்.

ராணுவத்துல இதே அமைப்புக்கு வச்சிருந்த அளவு: முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்டு, அதாவது 1.4 முதல் 1.8 கிலோ. ரெண்டாவது 5 முதல் 6½ பவுண்டு, அதாவது 2.3 முதல் 2.9 கிலோ. உங்களோடது முதல் இழுப்புக்கான எடைகூட வர்றதுக்கு முன்னாடியே விழுந்துடுது. பாதுகாப்பு அளவுல பாதிதான் இருக்கு.

மேகசினைக் கழற்றி, சேம்பருக்குள்ள (தோட்டா உட்கார்ற அறை) விரலை விட்டுத் தடவிப் பார்த்து, தோட்டாக்களை வேற அறையில வச்சுட்டு இந்தச் சோதனைகளைப் பண்ணிப் பாருங்க. டம்மி தோட்டா ஒண்ணு போட்டுக்கிட்டா தோட்டாவைக் குத்துற ஊசியான ஸ்ட்ரைக்கருக்கும் நல்லது.

டிரிகர் கார்டோட முன் ஸ்க்ரூ இறுகியிருக்கான்னு பாருங்க. அப்புறம் அதை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி டிரிகரை இழுத்துப் பாருங்க. முதல் இழுப்பு திரும்பி வந்தா கோளாறு மரத்துல. எதுவும் மாறலைன்னா உலோகத்துல.

அடுத்தது, காக் பண்ணி, அதாவது காக்கிங் பீஸ் பின்னால நிக்கிற மாதிரி வச்சுட்டு, பக்கவாட்டுல இருந்து காக்கிங் பீஸைப் பார்த்துக்கிட்டே டிரிகரை ரொம்ப மெதுவா இழுங்க. விழுறதுக்கு முன்னாடி அது அசையாம இருக்கணும், இல்ல தலைமயிர் அளவு பின்னால வரணும். முன்னால நகர்ந்துச்சுன்னா சியர் மூக்கோட கோணம் கெட்டுப்போச்சு. யாரோ ஏற்கனவே அரம் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

மூணாவது, சேஃப்டியைப் போட்டுட்டு டிரிகரை நல்லா அழுத்தி இழுங்க. விரலை எடுத்துடுங்க. இப்ப சேஃப்டியை மட்டும் விடுவிங்க. அந்த நேரத்துல விழுந்தா, சேஃப்டியும் காக்கிங் பீஸைச் சரியாப் பிடிக்கல.

கடைசியா, காக் பண்ணி, சேஃப்டி இல்லாம, பட்டோட (தோள்ல வைக்கிற பின்கட்டை) அடியில ரப்பர் சுத்தியலால பத்துத் தட்டு. அப்புறம் போல்ட்டை வேகமா மூடி இருபது தடவை. எத்தனை தடவை நழுவுதுன்னு எழுதி வச்சு இங்க போடுங்க. அரத்தை மட்டும் தொடவே தொடாதீங்க, ஏன்னு பிறகு சொல்றேன்.


வைகைக்கரை:

மேலே சொன்ன மரத்தின் விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பழைய லீ என்ஃபீல்டுகளில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது.

மரம் நார்வாக்கில் ஏறத்தாழ அசையாது. நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும், விரியும். கட்டையில் நார் குழலோடு நீளவாக்கில் ஓடுகிறது. டிரிகர் கார்டுக்கும் ரிசீவருக்கும் இடையில் இருக்கும் உயரமோ நாருக்குக் குறுக்கே. ஆகவே மரத்தின் அசைவு முழுவதும் டிரிகர் இருக்கும் இடத்தில்தான் வந்து விழுகிறது. சித்திரை வைகாசியில் மதுரையில் 40 டிகிரியைத் தொடும் உலர்ந்த வெயில். ஐப்பசி கார்த்திகையில் ஈரம். ஓட்டு வீட்டிலோ மொட்டை மாடிக்குக் கீழ் அறையிலோ இரும்புப் பெட்டிக்குள் வைத்தால், கட்டை வருடத்துக்கு ஒரு முறை காய்ந்து ஊறுகிறது.

இதைத் தெரிந்துதான் வடிவமைத்தவர்கள் முன் ஸ்க்ரூ போகும் துளையில் ஒரு சிறு இரும்புக் குழாயைப் போட்டார்கள். அதைக் காலர் என்பார்கள். கார்டுக்கும் ரிசீவருக்கும் நடுவே அது நின்றுகொண்டால், ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் கார்டு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அதன் நீளம் மரத்தின் கனத்தைவிட மயிரிழை குறைவாக இருக்க வேண்டும்: ஸ்க்ரூ இறுகும்போது மரம் கொஞ்சம் அமுங்கி, உடனே இரும்பும் இரும்பும் முட்டி நிற்க வேண்டும். காலர் நீளமாகிவிட்டால் மரம் தளர்ந்து ஆடும், குறி சிதறும். காலர் குட்டையாகிவிட்டால் அல்லது இல்லாமலே போனால் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் கார்டு மேலேறிக்கொண்டே போகும்.

காலர் எப்படித் தொலைகிறது? துப்பாக்கியைக் கழற்றும்போது கட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக விழுந்துவிடும். சுண்டுவிரல் நகத்தளவு துண்டு, தரையில் உருண்டு போனால் தேடக்கூடத் தோன்றாது. அது இல்லாமலும் துப்பாக்கி முழுசாக மாட்டிக்கொள்ளும். கோளாறு பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

இன்னொரு காரணம் எண்ணெய். ரைஃபிளைக் குழல் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால், போட்ட எண்ணெய் எல்லாம் இறங்கி ரிசீவரைச் சுற்றியுள்ள மரத்தில் ஊறும். எண்ணெய் ஊறிய மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும், ஸ்க்ரூ அழுத்தத்தில் நசுங்கும். எண்ணெய் போட்டதும் இரண்டு நாள் குழல் வாய் கீழே பார்க்க ஒரு துணியின்மேல் சாய்த்து வையுங்கள்.

காலர் உள்ளதா என்று பார்க்க முன் ஸ்க்ரூவை மட்டும் எடுத்து டார்ச் அடித்தால் போதும். துளையின் சுவர் இரும்பாகத் தெரிய வேண்டும். மரமாகத் தெரிந்தால் காலர் இல்லை. அதற்குமேல் கழற்ற வேண்டாம். முக்கியமாகப் பட்டின் உள்ளே இருக்கும் நீளமான போல்ட்டைத் தொடாதீர்கள். ‘நம்பர் 1 மார்க் 3’ என்ற பழைய லீ என்ஃபீல்டு முறையில் கட்டியதில் அந்தப் போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் பூட்டியிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அதைத் திருகினால் கட்டை பிளந்துவிடும்.


உசிலைக்காரன்:

இருவருக்கும் நன்றி அண்ணே. சொன்னபடியே பார்த்தேன்.

முன் ஸ்க்ரூ நன்றாக இறுகியே இருந்தது. அரைச் சுற்று தளர்த்தியதும் முதல் இழுப்பு திரும்பி வந்துவிட்டது, பாதி அளவுக்கு. ஸ்க்ரூவை எடுத்து டார்ச் அடித்ததில் மரம்தான் தெரிகிறது, கறுத்து எண்ணெய் கசிந்த மரம். ஆக, காலர் இல்லை.

காக்கிங் பீஸ், ஸ்க்ரூ இறுகிய நிலையிலும் தளர்ந்த நிலையிலும், விழுவதற்கு முன் கொஞ்சம் முன்னால் நகர்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவு. சேஃப்டி சோதனையில் விழவில்லை. ரப்பர் சுத்தியலில் ஒரு தடவை விழுந்தது. வேகமாக மூடியதில் இருபதில் நான்கு நழுவின, அரைக்காடியிலும் நிற்காமல் முன்னால் போய்விட்டது. உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஏதோ காய்ந்து படிந்திருக்கிறது.


பட்டறைக்கல்:

மூணு கோளாறு சேர்ந்திருக்கு. காலர் இல்லை, சியர் கோணம் கெட்டிருக்கு, பிசின் பிடிச்சிருக்கு. ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இதே வரிசையில செய்யச் சொல்லுங்க, ஆனா பிசினை முதல்ல. காரணம், ஒரு குறை இன்னொரு குறையை மறைச்சா சரியா அளக்க முடியாது.

அந்தப் பழுப்புப் பிசின் பழைய தாவர எண்ணெய். தேங்காய் எண்ணெயோ லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயோ போட்டிருப்பாங்க. லின்சீட் எண்ணெய் மரத்துக்கு மேல் பூச்சு, காத்துல காய்ஞ்சு படலமாகும், அதுதான் அதோட வேலை. இரும்புக்குள்ள போனா அதே வேலையைச் சியர் அச்சுல காட்டும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும். மார்கழியில சிறுமலை, மேகமலை அடிவாரத்துல விடியக்காலம் அது சியரைப் பிடிச்சு நிறுத்தும். வேகமா மூடினா சியர் எழுந்திருக்க நேரம் கிடைக்காது, காக்கிங் பீஸ் தாண்டிப் போயிடும். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும், மரத்துல படக்கூடாது, காத்தோட்டமான இடத்துல செய்யணும். மண்ணெண்ணெய் காய்ஞ்சதும் இரும்பு வெறுமையா நிக்கும், ரெண்டு நாள்ல துரு கட்டும். அதனால உடனே தையல் மெஷின் எண்ணெய் அச்சுக்கு ஒரு சொட்டு, மத்த இடத்துல துணியில தொட்டுத் துடைச்சா போதும். ஊத்தக் கூடாது.

சியரைத் தூக்கிவிடுற ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்க. அது ‘வி’ வடிவத் தகடு. ஒரு கால் சியரைத் தள்ளும், இன்னொரு கால் மேகசின் பூட்டைத் தள்ளும். மேகசின் பூட்டு தளதளன்னு இருந்தா ஸ்பிரிங் தளர்ந்துடுச்சுன்னு வெளியிலிருந்தே தெரிஞ்சுடும். துரு குழி விழுந்திருந்தா மாத்திடணும். வளைச்சு நிமிர்த்தின ஸ்பிரிங் நம்பகமில்லை, வளைச்ச இடத்துலயே ஒடியும்.

அடுத்து காலர். அந்த இடத்துல மரம் நசுங்கியிருக்கும், அதனால இப்ப இருக்கிற கனத்தை அளந்து காலர் செய்யக்கூடாது. நசுங்கின, எண்ணெய் ஊறின மரத்தைச் சுரண்டி எடுத்துட்டு, எண்ணெயை இழுத்து, வால்நட் துண்டை நார் திசை பார்த்து எபாக்சி போட்டு ஒட்டணும். அட்டை, ரப்பர், ரேஷன் கார்டு பிளாஸ்டிக் எதையும் அடியில கொடுக்கக் கூடாது, எல்லாம் அமுங்கும். மரம் சரியான பிறகு காலரை வேணும்கிறதைவிடக் கொஞ்சம் நீளமாச் செஞ்சு, தட்டைக் கல்லுல தேய்ச்சுத் தேய்ச்சுக் குறைக்கணும். ஒவ்வொரு தடவையும் மாட்டி, இறுக்கி, முதல் இழுப்பைப் பார்க்கணும். இதுல ஒரு நல்ல சோதனை உண்டு: கார்டு இல்லாதப்போ சியர் மூக்கு எவ்வளவு உயரம் எழுதோ, கார்டை மாட்டி முழுசா இறுக்கின பிறகும் அதே உயரம் எழணும். குறைஞ்சா டிரிகர் இன்னும் சியரை அமுக்குதுன்னு அர்த்தம்.

இப்ப சியர். காக்கிங் பீஸ் முன்னால நகர்ந்து விழுறது, கார்டைத் தளர்த்தியும் மாறலைன்னு சொன்னீங்க. அப்ப அது மரத்தோட குறை இல்ல. சியர் மூக்கும் முழுக்காடியும் சேர்ற முகத்துல சரிவு வந்திருக்கு. சரியா இருக்கும்போது மெயின் ஸ்பிரிங் தள்ளத் தள்ள சியர் காடிக்குள்ள இன்னும் இறுகும். சரிவு மாறினா அதே ஸ்பிரிங் சியரை வெளியே தள்ளப் பார்க்கும். இழுப்பு அருமையா, லேசா இருக்கும். வேட்டை காலத்துல இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்னு நிறையப் பேர் அரம் போட்டு வச்சாங்க.

அரம் ஏன் கூடாதுன்னா, இந்த மூணு துண்டும் உள்ளே மெதுவான இரும்பு, மேலே மெல்லிசா ஒரு கடினத் தோல் மட்டும்தான். ஓட்டைக் கெட்டியாக்கின முட்டை மாதிரி. அரம் அந்தத் தோலைத் தாண்டினதும் மெதுவான உடம்பு வெளியில வந்துடும். அன்னைக்குச் சோதிச்சா பிரமாதமா இருக்கும். கொஞ்ச காலம் சுட்டதும் முனை மழுங்கி, திடீர்னு ஒருநாள் பிடிக்காது. உங்களோடது அந்தக் கட்டத்துலதான் இருக்கு.

தோல் போன சியரைக் கல் போட்டுச் சரி பண்ணினா அதுவும் நிக்காது. சியரை மாத்தணும். காக்கிங் பீஸோட காடி முனையை பத்து மடங்கு லென்ஸ்ல பார்க்கச் சொல்லுங்க: முனை கூர்மையா நேர்க்கோடா இருந்தா அதை வச்சுக்கலாம், உருண்டிருந்தா அதையும் மாத்தணும். அரைக்காடியிலயும் நிக்கலைங்கிறதால காக்கிங் பீஸ் மேலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு. புதுசு மாட்டின பிறகு பொருத்தம் பார்க்க மார்க்கர் மையைத் தடவி, காக் பண்ணி, எங்கே மை அழியுதுன்னு பார்ப்பாங்க. முகத்தோட முழு அகலத்துலயும் அழியணும், ஒரு மூலையில மட்டும் அழிஞ்சா வாங்கக்கூடாது. நைஸ் கல்லுல ரெண்டு மூணு தேய்ப்பு மெருகுக்கு மட்டும், கோணத்தை மாத்துறதுக்கு இல்ல.

காக்கிங் பீஸை மாத்தினா வேற ஒரு அளவும் பார்க்கணும். ஸ்ட்ரைக்கர் அதுல மரை போட்டு ஏறியிருக்கு, ஒரு சின்ன பூட்டு ஸ்க்ரூ பிடிச்சிருக்கு. அந்தப் பூட்டு ஸ்க்ரூவை எடுக்காம ஸ்ட்ரைக்கரைத் திருகினா மரை போயிடும். ரெண்டு பல் உள்ள தனிக் கருவி இல்லாம ஸ்ட்ரைக்கரைக் கழற்ற முடியாது, குறடு போட்டுத் திருகினா தலை சிதைஞ்சுடும். திரும்ப மாட்டும்போது ஸ்ட்ரைக்கர் முனை போல்ட் முகத்துக்கு வெளியே 0.040 முதல் 0.050 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1 முதல் 1.27 மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கணும். குறைஞ்சா தோட்டா வெடிக்காது, கூடினா பிரைமரைத் (தோட்டா அடியில இருக்கிற பத்த வைக்கிற மூடி) துளைச்சு வாயு பின்னால வரும்.

டிரிகர் கடைசி. மேலே சொன்னதெல்லாம் முடிஞ்சு முதல் இழுப்பு இன்னும் குட்டையா இருந்தா மட்டும் டிரிகரை மாத்துங்க. மேடு ரெண்டுல எதைக் குறைக்கணும்னாலும் அதை டிரிகர்ல செய்யணும், சியர்ல செய்யக்கூடாது. டிரிகர் மேடு கொஞ்சம் தவறினா இழுப்பு கெடும், சியர் தவறினா ஆள் சாவான்.

பழைய ரைஃபிள்ல இருந்து முழு போல்ட்டா எடுத்து மாத்திடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. போல்ட்டும் ரிசீவரும் சேர்ந்துதான் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடின போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இருக்கிற இடைவெளியை, தீர்மானிக்குது. நம்பர் வேற, அளவும் வேற.


நாகமலை:

தொழில் விவரம் முழுசாகச் சொல்லிவிட்டார்கள். காகித விவரத்தை நான் சேர்க்கிறேன், ஏனென்றால் கப்பலூர் யோசனை நல்ல மனதோடு சொன்னதாக இருந்தாலும் நண்பரையும் சேர்த்து மாட்டிவிடும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிப்பு, விற்பனையோடு ரிப்பேரையும் சோதனையையும் லைசென்ஸுக்குள் வைத்திருக்கிறது. அதே சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். லைசென்ஸ் இல்லாத மில்லிங் பட்டறையில் ஒரு சியரோ டிரிகரோ வெட்டுவது ஆயுத உற்பத்தி என்று எழுதப்படலாம். தொழிலாகவும் அது சரிவராது: வெட்டும் வேலை மட்டும் முடிந்தால் போதாது, மேல்தோல் கெட்டியாக்கும் சூட்டுச் சிகிச்சை சரியான ஆழத்துக்கு வரவேண்டும். 2016 விதிகளின்படி ரிப்பேர் லைசென்ஸ் உள்ள டீலரிடமே கொடுங்கள். அவர் லைசென்ஸில் ரிப்பேர் சேர்ந்திருக்கிறதா, விற்பனை மட்டுமா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

நீங்களே நேரில் கொண்டுபோக முடியாமல் வேறொருவர் கொண்டுபோனால், உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கட்டாயம் அவர் கையில் இருக்க வேண்டும். ரிப்பேருக்காக அப்படிக் கொண்டுபோக 3ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. லைசென்ஸ் புத்தகமும் கூடப் போகட்டும். துப்பாக்கி உறைக்குள், போல்ட் தனியாக, தோட்டா வீட்டில்.

டீலரிடம் கொடுக்கும்போது ரசீதில் ரிசீவர் நம்பர், போல்ட் நம்பர், என்னென்ன பாகம் மாற்றப்பட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றியதாகச் சொல்லிப் பழைய சியரையே மெருகு போட்டுத் தருவதைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லுவார்கள். அது ரிப்பேரில் டீலரிடம் இருந்தால் அந்த ரசீதின் நகலைக் காவல் நிலையத்தில் காட்ட வேண்டியிருக்கும். மதுரை மாநகருக்குள் இருப்பவர்களுக்கு லைசென்ஸ் அதிகாரி போலீஸ் கமிஷனர். உசிலம்பட்டி என்றால் கலெக்டர்.

சாப்டூர், எழுமலைப் பக்கம் காட்டுப்பன்றி தொல்லை என்று இதை எடுக்க நினைத்தால், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலத்தில் பயிர் அழிந்தாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும். நம் கையில் லைசென்ஸ் இருப்பது வேட்டைக்கு அனுமதி ஆகாது. சாப்டூர் வனம் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சோதித்துச் சுடுவதைக் கூடத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் செய்யுங்கள், தோட்டத்தில் வேண்டாம்.


சிறுமலைக்காற்று:

இதோடு சேர்த்து ஒரு கேள்வி. ஜெர்மன் ரைஃபிளான மவுசர் 98 ஆக்‌ஷனில் இரண்டு டிரிகர் உள்ள பழைய வேட்டை ரைஃபிள். பின் டிரிகரை இழுத்து வைத்தால் முன் டிரிகர் தொட்டாலே விழுகிறது. இதுவும் இதே நோயா?


பட்டறைக்கல்:

இல்லைங்க, அது செட் டிரிகர். அது அப்படித்தான் இருக்கணும். பின் டிரிகர் ஒரு சின்ன சுத்தியலை ஸ்பிரிங்குல ஏத்தி வைக்கும், முன் டிரிகர் அதை விடுவிக்கும், அந்தச் சுத்தியல் அடிச்சுச் சியரை இறக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஸ்க்ரூதான் எவ்வளவு லேசா விழணும்கிறதைத் தீர்மானிக்கும். செட் பண்ணி வச்சுட்டு பட்டைத் தரையில தட்டினா விழக்கூடாது; விழுந்தா அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றா மாத்தி நிக்கிற இடத்தைப் பிடிக்கணும். செட் பண்ணாம முன் டிரிகரை மட்டும் இழுத்தா கனமா விழணும், அதையும் பாருங்க. செட் பண்ணின பிறகு சுட வேண்டாம்னு ஆச்சுன்னா குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்துட்டு அப்புறம் முன் டிரிகரைத் தொட்டு விடுவிக்கணும். மூடின போல்ட்டோட செட் பண்ணின டிரிகரை வச்சுக்கிட்டு நடக்கிறது சாவை மடியில வச்சுக்கிட்டு நடக்கிறது.

மவுசர்ல முழுத் தொகுதியா மாத்துற டிரிகர் வெளிநாட்டுல டிம்னி மாதிரி கம்பெனி பண்ணுது. அதனாலதான் ‘டிரிகரை மாத்து’ங்கிற பேச்சு வருது. லீ என்ஃபீல்டுக்கு அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கக் கூடாது.


வைகைக்கரை:

உசிலைக்காரருக்கு இன்னொன்று. எடையைச் சரியாக அளக்கும் முறையை யாரும் சொல்லவில்லை. கொக்கித் தராசை டிரிகரின் வளைவில், விரல் படும் நடு இடத்தில் மாட்டி, குழலுக்கு இணையாக நேர் பின்னால் இழுக்க வேண்டும். கீழ்நோக்கிச் சாய்த்து இழுத்தால் எண் மாறிவிடும். இன்னும் நம்பகமான வழி, குழல் வாய் நேர் மேலே பார்க்க ரைஃபிளை நிறுத்தி, டிரிகரில் கம்பிக் கொக்கியால் எடையைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியை மெதுவாகத் தூக்குவது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிரம்பியிருந்தால் இரண்டு கிலோவும் பாட்டில் எடையும். அதைத் தூக்கியபோது விழக்கூடாது. ஐந்து முறை பாருங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது, லேசாக இருப்பதைவிட முக்கியம். ஒருமுறை 2.4, அடுத்த முறை 1.9 என்றால் சியர் முகம் இன்னும் சரியில்லை.


உசிலைக்காரன்:

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன் அண்ணே. ரிப்பேர் லைசென்ஸ் உள்ள டீலரிடம் இந்த வாரம் கொடுக்கிறேன். திரும்ப வாங்கும்போது கடையிலேயே என்ன பார்க்க வேண்டும்?


பட்டறைக்கல்:

முதல்ல கண்ணால: முன் ஸ்க்ரூ முழுசா இறுகியிருக்கணும், முதல் இழுப்பு தெளிவா இருக்கணும். ஸ்க்ரூவைத் தளர்த்தி வச்சு முதல் இழுப்பை வரவழைச்சுக் கொடுத்திருந்தா திருப்பிக் கொடுங்க.

காக் பண்ணி மெதுவா இழுக்கும்போது காக்கிங் பீஸ் முன்னால நகரக் கூடாது. வேகமா மூடுறது இருபது தடவை, ரப்பர் சுத்தியல் பத்துத் தட்டு, சேஃப்டி போட்டு இழுத்து விடுவிக்கிறது அஞ்சு தடவை: எதுலயும் ஒண்ணுகூட விழக்கூடாது. ஒண்ணு விழுந்தாலும் கடையிலயே விட்டுட்டு வாங்க. காக்கிங் பீஸைக் கையால பிடிச்சு அரைக்காடியில இறக்கி டிரிகரை நல்லா இழுங்க, அசையக்கூடாது, போல்ட்டும் திறக்கக்கூடாது.

சேஃப்டியைக் கழற்றி மாட்டியிருந்தாங்கன்னா அதைத் தனியாப் பாருங்க. லிவரும் பூட்டுத் தண்டும் பல மரை உள்ள திருகுல சேருது, ஒரு மரை தள்ளி மாட்டினாலும் லிவர் முழுசாத் திரும்பும், ஆனா பூட்டு முழுசா உள்ளே போகாது. லிவரைப் போடும்போது காக்கிங் பீஸ் முன்னால வரவே கூடாது.

ரேஞ்சுல முதல் அஞ்சு ரவுண்டு ஒவ்வொண்ணாப் போட்டுச் சுடுங்க, மேகசினை நிரப்பாதீங்க. ஒவ்வொரு கேஸையும் (சுட்ட பிறகு வெளிவர்ற வெறும் கூடு) எடுத்து பிரைமர்ல பள்ளம் நடுவுல, உருண்டையா, ஓட்டை இல்லாம இருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம் ரெண்டு தோட்டா. பத்து ரவுண்டு முடிஞ்சதும் முன் ஸ்க்ரூவைத் திரும்பத் தொட்டுப் பாருங்க. புதுசா ஒட்டின மரம் கொஞ்சம் உட்காரும், கால் சுற்று இறுகினா பயப்பட வேண்டாம், காலர் முட்டினதும் நின்னுடும். நிக்காம இறுகிக்கிட்டே போனா காலர் குட்டை. அப்புறம் இந்தக் கார்த்திகையில ஒரு தடவை, வர்ற சித்திரையில ஒரு தடவை, எடையை அளந்து எழுதி வச்சுக்குங்க.